ஒன்று, இடைவெளி, இரண்டு

மோட்டார் உறுமியது, ஆனால் சுற்றவில்லை. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிறைமதி தலையில் சீயக்காயைத் தேய்த்த பிறகுதான் இந்த விஷயம் தெரியவந்தது. எப்போது படுக்க வேண்டும் என்பது மோட்டார்களுக்கு நன்றாகத் தெரியும்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தாள். சுவிட்சை அணைத்துவிட்டு, வலது மணிக்கட்டில் கைப்பட்டையை மாட்டி, "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது" என்றாள். பட்டை லேசாகச் சூடானது. கைவலையில் சேர்ந்திருக்கும் கோடிக்கணக்கான கைகளில் இந்தப் பழுதை நீக்கத் தெரிந்த ஒரு கையைத் தேடிப் பிடித்தது. பிறகு அவளுடைய விரல்கள் தாமாக அசையத் தொடங்கின.

குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பார்களே, ஏறக்குறைய அதுதான் இதுவும். எங்கோ யாரோ ஒருவர் இதே வேலையைச் செய்தபோது அவர் கையின் அசைவுகளை அவருடைய பட்டை வாங்கி வைத்திருக்கும். அதை இந்தப் பட்டை மெல்லிய மின்துடிப்புகளாக மாற்றி உங்கள் தசைக்குள் அனுப்பும். பிடிக்கவில்லை என்றால் கையை இறுக்கிக்கொண்டால் போதும், நின்றுவிடும். யாரும் இறுக்கிக்கொள்வதில்லை. தனக்குத் தெரியாத வேலையைத் தன் கையே செய்வதை வேடிக்கை பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

கை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. மோட்டாரின் பக்கவாட்டில் கண்டன்சர் இருக்கும் சின்ன மூடியை நோக்கிப் போனது. ஆனால் திருகாணியில் வைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடது கைக்கு மாற்றிவிட்டு, விரல்களை மடக்கி, மூடியின் மேல் தட்டியது. ஓங்கி ஒன்று. சின்ன இடைவெளி. மெதுவாக இரண்டு.

நிறைமதி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீயக்காய் கண்ணில் இறங்கி எரிந்தது. கண்ணீர் அதனால் மட்டும் வரவில்லை.

"அண்ணா" என்றாள், மோட்டாரைப் பார்த்து.

கை அவளைப் பொருட்படுத்தாமல் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டு உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். சின்ன வயதில் நிறைமதி பாடப்புத்தகத்துக்குள் படக்கதையை ஒளித்து வைத்துப் படிப்பாள். கதவை யாராவது தட்டினால் பதறிப்போவாள். அப்பாவாக இருந்தால் தோலை உரித்துவிடுவார். பாதி நேரம் அண்ணன் குகன்தான் நிற்பான். "எதுக்கு அம்மிணி இப்படி வேர்த்து வடியுது?" என்று சிரிப்பான். அவள் பயத்தைப் போக்க அவன் கண்டுபிடித்தது அது. ஓங்கி ஒன்று, இடைவெளி, மெதுவாக இரண்டு என்றால் 'நான்தான், பயப்படாதே' என்று அர்த்தம். உள்ளிருந்து அவள் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் 'உள்ளே வா'. பதிலே வராவிட்டால் 'அப்பா இங்கே இருக்கிறார், இப்போது வராதே, அப்புறம் வா'. பதில் தட்டு வராமல் குகன் ஒருநாளும் கதவைத் தள்ளியதில்லை. வேறு எந்த விஷயத்திலும் அவனிடம் அவ்வளவு ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

போகப்போக அது அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு டப்பா, சைக்கிள் சீட்டு, மோட்டார் மூடி, எதைத் திறப்பதானாலும் முதலில் தட்டுவான். "எதுக்குடா தட்டற?" என்று அப்பா எரிந்து விழுந்தால், "உள்ள யாராச்சும் இருந்தாங்கன்னா சொல்லிட்டுத் தொறக்கோணுமில்லங்ப்பா" என்பான்.

அவனைப் பார்த்துப் பதினாறு வருடமாகிறது.

அவன் போனதற்குக் காரணமும் இந்தக் கைவலைதான். அப்பா சின்னச்சாமி, கருகிப்போன மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுவதில் பேர் வாங்கியவர். கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் பஞ்சமில்லை, அதைப் பழுது பார்ப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் கட்டிய காயில் மறுபடி கருகாது என்பார்கள். அந்தக் கட்டு வித்தையை மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். கைவலை புதிதாக வந்த நேரம் அது. குகன் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு காயிலைக் கட்டி முடித்தான். பட்டையோடு செய்கிற வேலை எதுவானாலும் அது தானாகவே வலையில் சேர்ந்து ஊருக்கெல்லாம் கொடையாகிவிடும். அப்பா காத்து வந்த வித்தை சாயங்காலத்துக்குள் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

"முப்பது வருசம் விரல் வெந்து கத்துக்கிட்டது. ஒரே நாள்ல ஊருக்குத் தூக்கிக் குடுத்துப்போட்டயேடா!"

"திருவண்ணாமலப் பக்கம் ஒரு ஊர்ல கெணத்து மோட்டாரு கருகிப் பயிரு காஞ்சுட்டு இருந்துதுங்ப்பா. அங்க இருக்கற பொம்பள ஒருத்தி, மோட்டாரத் தொட்டே பாக்காதவ, நம்ம கைய வெச்சுக் கட்டி ஓட்டியிருக்கா. குடுத்தா நம்மகிட்ட கொறைஞ்சா போயிரும்?"

"நான் இருக்கற வரைக்கும் இந்தக் கேட்டத் தாண்டி உள்ள வந்தராத."

கோபத்தில் சொல்கிற வார்த்தைதான். ஊரில் எத்தனையோ அப்பாக்கள் சொல்லியிருக்கிறார்கள், எத்தனையோ பிள்ளைகள் அதைக் காதில் வாங்காமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குகன் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டான். கேட் கிறீச்சென்று கத்தியது. பிறகு அதற்கு யாரும் எண்ணெய் விடவில்லை. அப்பா கடைசிவரை அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப்பார்த்தார். எதற்கு என்று அவரும் சொன்னதில்லை, மகளும் கேட்டதில்லை. இப்போது அப்பா இல்லை. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். நிறைமதி மட்டும் அந்தப் பழைய வீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அண்ணனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

தேடாமல் இல்லை. பேப்பரில் விளம்பரம், போலீசில் மனு, மருதமலைக்கு வேண்டுதல், எல்லாம் பார்த்தாயிற்று. முகத்தையும் பெயரையும் போட்டு ஊரோடு பேசிக்கொண்டிருந்த பழைய சமூக வலைத்தளங்கள் இருந்திருந்தால் அவன் படத்தைப் போட்டு 'பார்த்தவர்கள் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கலாம். அவை ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. சாப்பாட்டுப் படமும் வாய்ச்சண்டையும் ஜனங்களுக்கே அலுத்துவிட்டன. கைவலை வந்தபோது அதற்கு ஒரே ஒரு விதி வைத்தார்கள்: பயன் மட்டும். பெயர் கிடையாது, முகம் கிடையாது, 'நான்தான் செய்தேன்' கிடையாது. கொடுத்தவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது.

அது நல்ல விதி என்றுதான் அவளும் நம்பினாள். ஓடும் பேருந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒருவரை, பூக்கட்டும் பெண் ஒருத்தி ஏதோ ஒரு டாக்டரின் கையை வாங்கிக்கொண்டு பிழைக்க வைத்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். நம்பியதால்தான் அந்த வேலைக்கே போனாள்.

அவளுடைய வேலை களையெடுப்பது. வயலில் இல்லை, கைவலையில்.

கொடையாக வரும் அசைவுகளில் வேலைக்குத் தேவையானதும் இருக்கும், தேவையில்லாததும் இருக்கும். ஒருவர் திருகாணி முடுக்கும்போது நடுவில் மூக்கைச் சொறிந்திருப்பார். இன்னொருவர் ஊசி போடும் முன் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருப்பார். அதை அப்படியே விட்டால் வாங்குகிற அத்தனை பேரும் மூக்கைச் சொறிவார்கள். இவற்றுக்கு ஒட்டுப்பழக்கம் என்று பெயர். பெரும்பாலானவற்றை இயந்திரமே களைந்துவிடும். வேலையின் பகுதியா, வெறும் பழக்கமா என்று இயந்திரத்துக்குச் சந்தேகம் வருவதை மட்டும் மனிதர்களிடம் அனுப்பும். திரையில் 'பயன் உண்டா?' என்று கேட்கும். களையெடுப்பவர் பட்டையில் அந்த அசைவை வாங்கிப் பார்த்துவிட்டு, உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும்.

மோட்டார் ஓடிய அன்றைக்குத் தலைகூடச் சரியாகத் துவட்டாமல் அலுவலகம் போனாள் நிறைமதி. சந்தேகப் பட்டியலில் தேடினாள். இருந்தது. 'திறக்கும் முன் தட்டல். கொடையாளர் ஒருவர். கொடைகள் பல.'

பெயர் தெரியாது. ஆனால் எந்த மாவட்டத்திலிருந்து வந்த கொடை என்பது களையெடுப்பவர்களுக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி கம்ப்ரசர். அடுத்து தேனியில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு. அதற்கப்புறம் தருமபுரியில் ஒரு சூரியசக்திப் பம்பு. இரண்டு மாதம் முன்பு ஈரோட்டில் ஒரு தறி. ஒவ்வொன்றாகத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். கம்ப்ரசர் மூடியைத் தட்டியபோது ஐஸின் சில்லிப்பு தெரியவில்லை, அதெல்லாம் வலையில் வராது. கை மட்டும்தான் வந்தது. கொஞ்சம் கனத்திருந்தது. அண்ணனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தாள்.

உயிரோடு இருக்கிறான். வேலை செய்கிறான். ஒவ்வொரு ஊராக, நெருங்கி நெருங்கி வருகிறான். ஈரோடு வரை வந்தவனுக்குக் கோயம்புத்தூர் எவ்வளவு தூரம்?

"என்ன நிறை, காலைலயிருந்து தட்டிக்கிட்டே இருக்கே?" மேற்பார்வையாளர் நிஷா மேடம் பின்னால் வந்து நின்றார். கையில் டீ.

"ஒரு ஒட்டுப்பழக்கம் மேடம். பாத்துட்டு இருக்கேன்."

"அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஆளு தட்றாரு, மூடியத் தொறக்கறாரு. தட்டாட்டியும் தொறக்கும். இல்லைனு போட்டு விடும்மா. இந்த வாரத்துக்குள்ள பதில் வரலைன்னா மிஷினே வழிச்சுப் போட்டுரும்."

"வழிச்சுட்டா இனிமே அவர் குடுக்கறதுலயும் வராதுங்களா மேடம்?"

"ஒருக்காக் களைன்னு பதிஞ்சுட்டா அப்பறம் எப்பவும் வராது. அதுக்குத்தானே நம்மள வெச்சிருக்காங்க."

நிஷா மேடம் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நிறைமதி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'இல்லை' என்று சொன்னால் அண்ணன் போகும் பாதை அன்றோடு மறைந்துவிடும். அவன் ஈரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினான் என்று தெரியாது. இருக்கிறானா என்றே தெரியாது. எத்தனையோ வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்தவள்தான். ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்ட பிறகு மறுபடி தெரியாமல் இருக்க அவளால் முடியாது.

'உண்டு' என்று அழுத்தினாள். என்ன பயன் என்று கேட்டது. 'உள்ளே தளர்ந்த பாகம் இருந்தால் தட்டும்போது ஒலி மாறும். திறக்கும் முன்பே பழுது தெரியும்.' பச்சைப் பொய். எழுதும்போது காது சூடானது.

அதோடு நிற்கவில்லை. அன்று மாலை வீட்டில் பட்டையை மாட்டிக்கொண்டு குக்கருக்கு கேஸ்கட் மாற்றினாள். நன்றாக இருந்த கேஸ்கட்டைத்தான் கழற்றி மாட்டினாள். மாட்டி முடித்ததும் குக்கர் மூடியின் மேல் விரலை மடக்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளே வா.

மறுநாள் அவளுடைய மேசைக்கே அது சந்தேகமாக வந்தது. 'வேலை முடிந்ததும் ஒரு தட்டு. பயன் உண்டா?' உண்டு, ரப்பர் படிந்து உட்காரும் என்று எழுதித் தள்ளிவிட்டாள். 'குக்கருக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தாள். களையெடுப்பவளே களை விதைத்தால் யார் கேட்க முடியும்? எந்த ஊரில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறானோ, என்றைக்காவது அவன் குக்கரும் ஆவியை விடும். அன்றைக்கு அவள் கை அவன் கைக்குள் போகும். அவனுக்குப் புரியும்.

காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பு இருந்ததெல்லாம் வெறும் இல்லாமை. இப்போது ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஒரு தலையணை அதிகம் வாங்கி, உறை போட்டு, பரணில் வைத்தாள்.

அதற்குள் அவள் சொன்ன பொய் வேலையைத் தொடங்கியிருந்தது.

கைவலை எதையும் வாய்வார்த்தையாக நம்பாது, பயன்படுத்திப் பார்த்து அளக்கும். பம்பு வேலைக்கு அந்தத் தட்டைச் சேர்த்தது. தட்டிவிட்டுத் திறந்தவர்களின் வேலையில் தவறு குறைந்தது. தளர்ந்த பாகத்தின் ஒலி எல்லாம் ஒன்றுமில்லை. தட்டுவதற்காக எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். அந்த ஒரு கணத்தில் சுவிட்சை அணைத்தோமா என்று பலருக்கு நினைவு வந்தது. மின்சாரம் தாக்குவது பாதியாகக் குறைந்தது. குகன் விளையாட்டாகச் சொன்னதுபோல, சொல்லிவிட்டுத் திறப்பது நல்ல விஷயமாகத்தான் இருந்தது.

வலை அதை மின்வேலை அத்தனைக்கும் நீட்டியது. பிறகு கேஸ் சிலிண்டருக்கு, லிஃப்ட் கதவுக்கு, அறுவைச் சிகிச்சைக் கருவிப் பெட்டிக்கு. எங்கே திறப்பு உண்டோ அங்கெல்லாம் தட்டு போனது. தினமும் பத்துத் தடவை செய்தால் எதுவும் பழக்கம்தானே. பட்டை இல்லாத நேரத்திலும் கைகள் தட்ட ஆரம்பித்தன. டிபன் கேரியரைத் தட்டினார்கள், பள்ளிக்கூடப் பையைத் தட்டினார்கள், வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். ஓங்கி ஒன்று, சின்ன இடைவெளி, மெதுவாக இரண்டு.

முதல் தடவை கதவு அப்படித் தட்டப்பட்டபோது நிறைமதி கூடத்திலிருந்து வாசலுக்கு ஓடிய வேகத்தில் முட்டிக்காலை நாற்காலியில் இடித்துக்கொண்டாள். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர் நின்றார். "மெதுவாங்க்கா, நான் எங்கயும் போயிரல" என்றார்.

அடுத்த நாள் கூரியர். அதற்கடுத்து மேல்வீட்டு அம்மா, கறிவேப்பிலை கேட்டு. ஒவ்வொரு தடவையும் ஓடினாள். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும்வரை அது அண்ணன், திறந்த பிறகு வேறு யாரோ. ஒரே நாளில் நாலைந்து முறை ஒருவரை வரவேற்கப் போய் நாலைந்து முறை இழந்துவிட்டு வருவது உடம்புக்குத் தாங்கவில்லை. நடக்க ஆரம்பித்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

அலுவலகத்திலும் அதே கதைதான். ஈரோட்டுக்கு அப்புறம் அவன் எங்கே போனான் என்று பார்க்கப் போனால், தட்டோடு வந்த கொடைகள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து குவிந்திருந்தன. அத்தனை கைகளும் ஒன்றுபோலத் தட்டின. அதில் அண்ணனின் கை எது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. அவனைத் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் அந்தத் தட்டைக் காப்பாற்றினாள். அது இப்படி ஊரெல்லாம் முளைத்து அவனையே மறைத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை.

நிஷா மேடம் இனிப்பு வாங்கி வந்தார். "எத்தன உசுரக் காப்பாத்தியிருக்கே தெரியுமா? நான்கூட வழிச்சுப் போடுன்னு சொன்னேன் பாரு. உன் கண்ணுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"சும்மா தோணுச்சுங்க மேடம்" என்றாள். மைசூர்பாகை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த சந்தேகத்தைத் திறந்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டரில் இட்லி மாவு ஆடிக்கொண்டிருந்தது. நிறைமதி முழங்கைவரை உளுந்து மாவோடு வழித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலையில் செல்வம் தண்ணீர் கேன் கொண்டுவருவார். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் கதவு தட்டப்பட்டது. ஒன்று. இடைவெளி. இரண்டு.

"கையெல்லாம் மாவுங்க!" என்று கத்தினாள்.

மறுபடி தட்டு. இந்த முறை இன்னும் மெதுவாக.

"இப்ப வர முடியாதுங்க! போயிட்டு அப்பறம் வாங்க!"

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மாவை வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தாள். கை கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தபோது வாசலில் கேன் இல்லை. காலிக் கேன் வைத்த இடத்திலேயே இருந்தது. மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் செல்வம் தோளில் கேனோடு வந்தார்.

"ஏனுங்க, காலைல வந்துட்டுப் பேசாமப் போயிட்டீங்க?"

"நானுங்களா? இல்லீங்களே. வண்டி பஞ்சராகிப் போச்சுங்க. இப்பத்தான் இந்தத் தெருவுக்கே வர்றேன்." கேனை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "கேட்டுக்கு எண்ண போட்டீங்களாக்கா? வழுக்கிட்டுத் தொறக்குது. அது கத்துற கத்துக்கு நான் எப்பவும் பல்லக் கடிச்சுட்டுத்தான் தொறப்பேன்."

நிறைமதி அவரைத் தாண்டி வாசலுக்குப் போனாள். கேட்டைத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் திறந்தது. கீலில் புது எண்ணெய் பளபளத்தது. எத்தனையோ வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த மேல் திருகாணி முடுக்கப்பட்டிருந்தது.

செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினாள். அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரை. இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள், யாரும் அவன் இல்லை. பஸ்கள் வந்தன, போயின. வெயில் தார்ச்சாலையில் கொதித்தது. உள்ளங்கால் கொப்பளித்தது அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அண்ணா, அப்பா இல்லை அண்ணா, அவர் போய் இரண்டு வருசம் ஆச்சு, நான் மட்டும்தான் இருந்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வரும் என்று தெரியும். பட்டை மணிக்கட்டில் இருந்திருந்தால் அவன் செய்த வேலை தானாக வலைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வந்தது. 'துருப்பிடித்த கேட் கீல். கோயம்புத்தூர் மாவட்டம். இறுதியில் வேலைக்குத் தொடர்பற்ற அசைவுகள். பயன் உண்டா?'

கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாள்.

கை கீலைத் துடைத்தது. எண்ணெய் விட்டது. திருகாணியை முடுக்கியது. கேட்டைத் திறந்து மூடித் திறந்து பார்த்தது. தேவைக்கும் அதிகமாகவே பார்த்தது, உள்ளே போகத் தைரியம் வராதவன் போல. பிறகு ஒன்றும் செய்யாமல் தொங்கியபடி நடந்தது. கதவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். எழுந்தது. ஓங்கி ஒன்று, இடைவெளி, மெதுவாக இரண்டு.

அவளுடைய கை காற்றில் அப்படியே நின்றது. அவன் காத்திருக்கிறான். இதோ இந்த இடத்தில்தான் 'கையெல்லாம் மாவுங்க' என்று அவள் கத்தினாள். மறுபடி தட்டினான். இதோ இங்கே 'அப்பறம் வாங்க' என்றாள். பதில் தட்டு இல்லை, மரியாதையான வார்த்தை மட்டும். அப்பா பக்கத்தில் இருக்கும்போது பேசுவது போன்ற வார்த்தை.

கை இறங்கியது. கதவின் மேல் விரல்களை விரித்து வைத்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. விரல் மடங்கி, யாருக்கும் கேட்காதபடி ஒரே ஒரு தட்டுத் தட்டியது.

அது அவளுடைய தட்டு. குக்கர் மூடியில் அவள் தட்டி அனுப்பியது. கிடைத்தது, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

'பயன் உண்டா?' என்று திரை கேட்டுக்கொண்டே இருந்தது.

உண்டு என்று சொன்னால் வலை இதை வைத்துக்கொள்ளும். அளக்கும். ஏதாவது ஒரு நன்மையைக் கண்டுபிடித்துவிடும், அது கண்டுபிடிக்காமல் விடாது. நாளைக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அடைத்த கதவின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். இல்லை என்று சொன்னால் இந்தக் கணமே அழிந்துவிடும். ஊரே பேசுகிற வார்த்தையை வைத்து ஒருவனை மட்டும் கூப்பிட முடியாது என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு முறை கையில் வாங்கினாள். அண்ணனின் உள்ளங்கை கதவில் படிந்திருந்த அந்த நேரம் முழுவதும் தன் உள்ளங்கையை மேசையில் படிய வைத்திருந்தாள். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பிறகு 'இல்லை' என்று அழுத்தினாள். குக்கர் மூடியின் தட்டை மட்டும் தொடாமல் விட்டாள்.

அன்றிலிருந்து நிறைமதி வீட்டில் இருக்கும்போது கிரைண்டர் போடுவதில்லை. மாவைக் கடையில் வாங்கிக்கொள்கிறாள். யார் கதவைத் தட்டினாலும், எந்த வேலையில் இருந்தாலும், எழுந்து போகிறாள். கூரியர், மீட்டர், கறிவேப்பிலை, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவர்கள், எல்லோருக்கும். திறக்கும் முன் உள்ளிருந்து கதவில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். வெளியே நிற்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. அவர்கள் யாருக்கும் அது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? நான் தட்டுனா உள்ளயிருந்து நீங்க ஒரு தட்டுத் தட்றீங்க பாருங்க, அது கேட்டா மனசுக்கு என்னமோ நல்லாருக்குதுங்க. யாரோ நமக்காகக் காத்துட்டு இருந்தாப்புல. நீங்க அந்த ஆபீஸ்லதானுங்க இருக்கீங்க? வலையில போட்டு உட்டீங்கன்னா நாலு பேருக்கு உபயோகமா இருக்குமில்லங்க?"

நிறைமதி காலிக் கேனை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் தோளுக்குப் பின்னால் கேட்டும் தெருவும் வெறிச்சென்று இருந்தன.

"வேண்டாங்க செல்வம்ணா" என்றாள். "அதுல ஒரு பிரயோசனமும் இல்லீங்க."